கரை மறைந்ததும் திறக்கும் கதவு

சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே அதன் உணவகங்களும் நீச்சல் குளமும் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. தீர்வையில்லாப் பொருள்களை விற்கும் கடைகளும், ‘கேசினோ’ எனப்படும் சூதாட்டக் கூடமும் மட்டும் பூட்டியே கிடக்கின்றன. கப்பல் கட்டவிழ்த்துப் புறப்பட்டுச் சிறிது நேரம் சென்ற பிறகு, நடுக்கடலில் ஏதோ ஓரிடத்தில் அந்தக் கூடத்தின் கதவு திறக்கிறது. அந்த இடத்தில் கடலின் நிறம் மாறுவதில்லை. எல்லையைக் காட்ட ஒரு மிதவைகூட இருப்பதில்லை. மாறுவது சட்டம்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தொலைவு வரை நீள்கிறது. அதற்கு முன்பு பல நாடுகள் 3 கடல் மைலையே எல்லையாகக் கொண்டிருந்தன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்கு அந்த 3 மைல் கணக்கு இன்றும் பொருந்துகிறது. இந்தக் கோட்டைத் தாண்டியதும் கப்பலில் செல்லுபடியாவது முதன்மையாக அந்தக் கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டின் சட்டம். ஆகவே, திறந்த கடலில் சட்டமே இல்லை என்ற பரவலான எண்ணம் சரியன்று. அங்கு சட்டம் உண்டு. ஆனால், எந்த நாட்டின் சட்டம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கப்பலின் உரிமையாளரிடம் இருக்கிறது.

உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்களான கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரண்டின் தலைமையகங்களும் அமெரிக்காவின் மியாமியில் உள்ளன. ஆனால், கார்னிவல் சட்டப்படி பனாமாவில் அமைக்கப்பட்ட நிறுவனம். ராயல் கரீபியன் லைபீரியாவில் அமைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் பறப்பது பஹாமாஸ் கொடி. இப்படி வேற்று நாட்டுக் கொடியை ஏற்றுவதற்குச் சூதாட்டம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வரிச் சலுகையும், குறைந்த ஊதியத்தில் பல நாட்டு ஊழியர்களை அமர்த்தும் வசதியுமே அதற்கு முதன்மைக் காரணங்கள். ஆனால், அந்தக் கொடியின் நிழலில் சூதாட்ட மேசைகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கோட்டை வைத்து முதலில் பெரும் வணிகம் செய்து காட்டியவர்களில் ஒருவர் டோனி கார்னெரோ. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தில் கள்ளக் கடத்தலில் ஈடுபட்டவர் அவர். 1938-ஆம் ஆண்டில் ‘ரெக்ஸ்’ என்ற பழைய கப்பலைக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா கரையிலிருந்து 3 மைலுக்குச் சற்று அப்பால் நங்கூரமிட்டு நிறுத்தினார். அந்தக் கப்பல் எங்கும் போகவில்லை. கரையிலிருந்து சிறு படகுகள் இரவும் பகலும் ஆட வருவோரை ஏற்றிச் சென்று இறக்கின. மாநிலத் தலைமை வழக்குரைஞராக இருந்த ஏர்ல் வாரன் 1939 ஆகஸ்டில் இத்தகைய கப்பல்கள் மீது அரசுப் படகுகளை அனுப்பினார். மற்றவை பணிந்தன. ரெக்ஸ் மட்டும் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சி அடித்துப் பல நாள்கள் அதிகாரிகளைத் தடுத்து நிறுத்தியது. பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, பள்ளிகளில் இனப் பாகுபாட்டை ஒழித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர் இதே வாரன்தான்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது எழுந்த கேள்வி சூதாட்டத்தைப் பற்றியதாக இல்லை. நில அளவையைப் பற்றியதாக இருந்தது. 3 மைலை எங்கிருந்து அளப்பது? கரையின் விளிம்பிலிருந்தா, அல்லது வளைகுடாவின் இரு முனைகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டிலிருந்தா? கலிபோர்னிய உச்சநீதிமன்றம் அந்த ஆண்டிலேயே இரண்டாவது அளவையை ஏற்றது. சான்டா மோனிகா ஒரு வளைகுடா, எனவே ரெக்ஸ் நின்ற இடம் மாநிலத்துக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு என்று தீர்ப்பாயிற்று. கார்னெரோ 1946-இல் வேறொரு கப்பலுடன் மீண்டும் வந்தார். அதன் பிறகே அமெரிக்க நாடாளுமன்றம் 1940-களின் இறுதியில் சூதாட்டக் கப்பல்களைத் தடை செய்தது.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் அந்தத் தடைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு சொல்லில் இருக்கிறது. ‘முதன்மையாக’ சூதாட்டத்துக்குப் பயன்படும் கப்பலையே அது குறிவைத்தது. ரெக்ஸைப் போல நின்ற இடத்தில் நிற்கும் கப்பல் அதில் அகப்படும். கரீபியத் தீவுகளைச் சுற்றிக் காட்டுவதற்குப் போகும் கப்பலில், நாடக அரங்கத்துக்கும் உணவகத்துக்கும் நடுவே ஒரு சூதாட்டக் கூடமும் இருந்தால் அது அகப்படாது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களுக்கு மட்டும் சூதாட்ட இயந்திரங்கள் தொடர்பான வேறொரு கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுடன் போட்டியிட முடியவில்லை என்று சொல்லி 1992-இல் அதையும் தளர்த்தினார்கள். ஓரிடத்தில் வேலி இல்லையென்றால் மற்ற இடத்தின் வேலியையும் பிடுங்குவதே இந்தத் தொழிலின் வரலாறு நெடுகிலும் காணப்படும் வழக்கம்.

அயோவா மாநிலத்தில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. 1991-இல் அங்கு ஆற்றுப் படகுகளில் சூதாட்டம் அனுமதிக்கப்பட்டபோது இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரு பந்தயத்துக்கு 5 டாலருக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு பயணத்தில் ஒருவர் 200 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது. சூதாட்டத்தை அனுமதிக்கும் ஓர் அரசு, ஆடுபவரின் இழப்புக்கு உச்ச வரம்பு விதித்தது அறிவார்ந்த ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். அண்டை மாநிலங்கள் வரம்பில்லாமல் ஆட விட்டதும் படகுகள் அங்கே போய்விடும் என்ற அச்சம் எழுந்தது. மூன்றே ஆண்டுகளில், 1994-இல் அயோவா அந்த இரண்டையும் கைவிட்டது. 500 டாலர் இழப்பு வரம்பை நெடுங்காலம் வைத்திருந்த மிசௌரியும் 2008-இல் வாக்கெடுப்பின் மூலம் அதை நீக்கிவிட்டது. மிசிசிப்பியில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. கூடங்கள் நீரில் மிதந்தாக வேண்டும் என்பது அங்கு விதி. அதனால் பெரும் மிதவைகளின் மேல் மாளிகைகளைக் கட்டினார்கள். 2005-இல் கத்ரீனா புயல் அவற்றைத் தூக்கிக் கரையில் எறிந்தது. அடுத்த சில வாரங்களிலேயே கரையில் 800 அடி தூரம் வரை கூடம் கட்டலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

கப்பலுக்குள் ஏன் இந்தக் கூடம் தேவைப்படுகிறது? பயணச்சீட்டின் விலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். தங்குமிடம், உணவு, பொழுதுபோக்கு எல்லாம் சேர்த்து வாங்கும் கட்டணம் பல வேளைகளில் கரையிலுள்ள நல்ல விடுதி அறையின் வாடகையைவிடக் குறைவு. பெரும் நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டுக்கு வெளியே, கப்பலில் ஏறிய பிறகு பயணி செய்யும் செலவிலிருந்து வருகிறது. மது, கரைச் சுற்றுலா, அழகு நிலையம், சூதாட்டம் ஆகியவை அதில் அடங்கும். நிறைய ஆடியவர்களுக்கு அடுத்த பயணம் இலவசம் என்று அழைப்பு அனுப்புவது நிறுவனங்களின் வாடிக்கை. தருமனை அழைத்து ஆட வைப்பதற்கென்றே துரியோதனன் தனியாக மண்டபம் கட்டினான் என்பது நாம் அறிந்த கதை. மண்டபம் கட்டுவதும், விருந்தாளி என்று அழைப்பதும் இந்தத் தொழிலில் பழைய முறைகளே.

இலவசப் பயணம் உண்மையில் இலவசமா என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அமெரிக்க முறை ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். ஓர் எண்ணின் மீது பந்தயம் வைத்து வென்றால் கிடைப்பது 35 மடங்கு. சம நீதிப்படி 37 மடங்கு கிடைக்க வேண்டும். இந்த இடைவெளியே கூடத்தின் பங்கு. வைக்கும் பணத்தில் அது 5.26 சதவீதம். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகளே இருப்பதால் 2.70 சதவீதம். பார்வைக்கு இவை சிறு தொகைகள். ஒரு சுற்றுக்கு 500 ரூபாய் வைத்து, மணிக்கு 40 சுற்று வீதம் 4 மணி நேரம் ஆடுபவர் மொத்தம் 80,000 ரூபாயைப் பந்தயத்தில் வைக்கிறார். அமெரிக்கச் சக்கரத்தில் அவர் சராசரியாக இழப்பது சுமார் 4,200 ரூபாய். ஐரோப்பியச் சக்கரத்தில் அதே ஆட்டத்துக்கு 2,160 ரூபாய். அன்றைய இரவு அவர் வெல்லலாம். ஆனால் ஏழு இரவுகள் ஆடினால் இந்தச் சராசரி அவரை நெருங்கிக்கொண்டே இருக்கும். கப்பலின் பலம் இதில்தான் இருக்கிறது. நிலத்தில் ஆடுபவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியும். நாள் முழுவதும் கரை தென்படாத பயணத்தில் எங்கே போவது? உணவுக்கும் நாடகத்துக்கும் போகும் வழி அந்தக் கூடத்தின் ஊடாகவே செல்கிறது.

சீட்டாட்ட மேசையிலும் இதே கதைதான். பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரு சீட்டுகளிலேயே 21 புள்ளிகள் வந்தால் 100 ரூபாய்க்கு 150 ரூபாய் பரிசு என்பது பழைய முறை. பல கப்பல்களில் அது 120 ரூபாயாகக் குறைந்துவிட்டது. இந்த ஒரு மாற்றமே கூடத்தின் சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் உயர்த்துகிறது. மேசையின் துணியில் இந்த விகிதம் அச்சிடப்பட்டுத்தான் இருக்கிறது. அதன் பொருள் புரிந்து ஆடுபவர்கள் எத்தனை பேர்?

பணத்தைச் செலவிடும் முறையும் கவனத்துக்குரியது. கப்பலில் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. அதுவே அறையின் சாவி. அதுவே காபிக்கும், பல கப்பல்களில் சூதாட்ட இயந்திரத்துக்கும் பணம். பயணத்தின் முடிவில் மொத்தமாகக் கணக்கு வரும். பணத்தாள் கையை விட்டுப் போகும்போது எழும் தயக்கம் இந்த அட்டையில் எழுவதில்லை. அறைக் கணக்கிலிருந்து சூதாட்டத்துக்குப் பணம் எடுத்தால் அதற்கும் ஒரு சிறு கட்டணம் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு.

நிலத்தில் உள்ள கூடங்கள் புண்ணியத் தலங்கள் என்று இங்கு யாரும் வாதிடவில்லை. ஆனால், அங்கு ஓர் அரசு கண்காணிக்கிறது. நெவாடாவில் ஸ்லாட் இயந்திரம் வாங்கும் பணத்தில் நீண்டகாலச் சராசரியாகக் குறைந்தது 75 சதவீதத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். நியூஜெர்சியில் 83 சதவீதம். இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் படைத்த அரசு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கப்பலிலோ, நிறுவனங்களின் சங்கம் தானே வகுத்துக்கொண்ட நெறிமுறைகளே பெரும்பாலும் வழிகாட்டி.

இயந்திரத்தைவிட மனிதர்களைக் காக்கும் ஏற்பாடுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சூதாட்டத்துக்கு அடிமையானவர் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ளும் பட்டியல் ஒன்றை மிசௌரி 1996-இல் தொடங்கியது. அதில் பெயர் எழுதியவர் கூடத்துக்குள் நுழைய முடியாது. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2010-இல் இரண்டு கூடங்களைத் திறந்தபோதே, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 100 சிங்கப்பூர் டாலர் நுழைவுக் கட்டணம் என்று வைத்தது. 2019-இல் அதை 150 டாலராக உயர்த்தியது. வெளிநாட்டுப் பயணிக்கு இந்தக் கட்டணம் இல்லை. அதைவிடப் பெரிய ஏற்பாடு, குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரைத் தடுத்து நிறுத்த முடியும் என்பது. கணவன் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியிடம் சட்டம் ஒரு கருவியைத் தருகிறது.

இவை எல்லாம் நாட்டின் எல்லைக்குள் கட்டப்பட்ட வேலிகள். பனாமாக் கொடியுடன் கோட்டைத் தாண்டும் கப்பல் ஒரு மாநிலத்தின் தடைப் பட்டியலைத் தன்னுடன் சுமந்து செல்லக் கடமைப்பட்டதன்று. அந்த மனைவியின் விண்ணப்பத்தை நடுக்கடலில் யாரிடம் கொடுப்பது?

சச்சரவு எழுந்தால் வழக்குத் தொடுப்பதும் எளிதாக இல்லை. பயணச்சீட்டின் நுண்ணெழுத்துகளில், எந்த வழக்கானாலும் நிறுவனம் குறிப்பிடும் ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கும். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் இந்த விதியை எதிர்த்தார்கள். கப்பலில் வழுக்கி விழுந்து காயமடைந்ததற்கான இழப்பீட்டு வழக்கு அது. சொந்த மாநிலத்தில் வழக்கை நடத்த விரும்பினார்கள். ஆனால், புளோரிடாவில்தான் நடத்த வேண்டும் என்ற விதி செல்லும் என்று 1991-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கார்னிவல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காயத்துக்கே இந்த நிலை என்றால், சூதாட்ட இயந்திரம் பரிசுத் தொகையைத் தரவில்லை என்ற புகாரை எடுத்துக்கொண்டு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

இந்தியாவில் கப்பல் சூதாட்டம் என்றதும் நினைவுக்கு வருவது கோவா. 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தில் 1992-இல் விலக்கு அளித்து, ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996-இல் கரைக்கு அப்பால் நிற்கும் கப்பல்களில் மேசைச் சூதாட்டத்துக்கும் அனுமதி வந்தது. சட்டம் ‘கரைக்கு அப்பால்’ என்கிறது. கப்பல்கள் நிற்பதோ பணஜி நகரத்தை ஒட்டி ஓடும் மாண்டவி ஆற்றில். கடைத்தெருவில் நின்று பார்த்தால் அவற்றின் விளம்பர விளக்குகள் தெரியும். பனாமாக் கொடியும் 12 கடல் மைலும் இங்கு தேவைப்படவில்லை. ஒரு சட்டத் திருத்தமே போதுமானதாக இருந்தது. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் இந்தக் கூடங்களில் நுழையக் கூடாது என்று அந்த மாநில அரசு தடை விதித்தது. தன் மக்களுக்குக் கேடு என்று கண்டறிந்த ஒன்றை, பிற மாநிலத்தாருக்கு விற்று வரி வாங்குவதில் மட்டும் தடையில்லை என்று அரசு கருதியது. சிங்கப்பூரும் வெளிநாட்டவருக்குக் கட்டணமில்லை என்று வைத்ததில் இதே கணக்கின் சாயல் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நிய விஷயமன்று. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. அந்தக் கப்பல் புதுச்சேரிக் கரைக்கு வந்தபோது, அதில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அரசின் அனுமதி கிடைக்காததால் பயணிகளை இறக்காமலேயே அது திரும்பிச் சென்றது. அதே 2022 அக்டோபரில்தான் தமிழ்நாடு சட்டப்பேரவை இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கிய சென்னை உயர்நீதிமன்றம், அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பும் ஆட்டங்களுக்கான தடையை 2023 நவம்பரில் உறுதி செய்தது. ரூலெட் இந்த இரண்டாம் வகை.

ஆக, கைப்பேசியில் ஆடக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஆட்டத்தை, கரையிலிருந்து 22 கிலோமீட்டர் தாண்டி வேற்று நாட்டுக் கொடியின் கீழ் ஆடினால் மாநிலச் சட்டத்தின் கை அங்கு எட்டாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சென்னை போன்ற பெருந்துறைமுகங்களோ மத்திய அரசின் பொறுப்பில் உள்ளன. தடை விதிக்கும் அதிகாரம் ஒருவரிடமும், வாசலின் சாவி இன்னொருவரிடமும் இருக்கின்றன. புதுச்சேரியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கு வாசலை அடைத்துவிட முடிந்தது.

அந்த வாசலை வைத்துச் செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது. எந்தக் கொடி பறந்தாலும் கப்பலுக்கு எரிபொருளும் குடிநீரும் பயணிகளும் கரையிலிருந்துதான் வர வேண்டும். துறைமுக அனுமதி என்பது ஓர் அரசு கேட்கும் நிபந்தனைகளுக்கு நிறுவனம் செவிசாய்க்கும் தருணம். உங்கள் கூடத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பயணிக்குப் புரியும் மொழியில் எழுதி வையுங்கள். அறைக் கணக்கில் கடனாக ஆட விடாதீர்கள். ஒரு பயணத்துக்கான இழப்பு வரம்பைப் பயணி ஏறும்போதே குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். குடும்பத்தார் தரும் தடை விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். இவற்றுள் எதுவும் கப்பல் சுற்றுலாவை முடக்கிவிடாது. டிஸ்னி நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்களில் சூதாட்டக் கூடமே கிடையாது. அவற்றில் பயணிகள் ஏறாமலும் இல்லை.

நிபந்தனையோடு நிற்காமல் முழுமையாக மறுத்த ஓரிடமும் உண்டு. அமெரிக்காவில் எவ்வகைச் சூதாட்டத்தையும் அனுமதிக்காத மாநிலங்கள் இரண்டே. யூட்டா ஒன்று, ஹவாய் மற்றொன்று. ஹவாயில் தொடங்கி ஹவாயிலேயே முடியும் கப்பல் பயணங்களில் சூதாட்ட இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து அங்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் அந்த நீர்ப்பரப்பில் இருக்கும் வரை தம் கூடங்களைப் பூட்டியே வைக்கின்றன. ஹொனலூலுவிலிருந்து வாரந்தோறும் தீவுகளைச் சுற்றி வரும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமக்கும் கப்பல். எரிமலையையும் கடற்கரைகளையும் காட்டி அது பிழைத்துக்கொள்கிறது. அதில் அப்படி ஒரு கூடமே கட்டப்படவில்லை.